கப்பலில் வந்தவர்களும் கரையில் நின்றவர்களும்

(திருவருகைக் காலம் நான்காம் ஞாயிறு, 22 டிசம்பர் 2024: வானொலி மறையுரை)



கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு இன்னும் மூன்று நாள்களே இருக்கின்றன. இன்றைய நற்செய்தியில் (லூக்கா 1:39-45) அன்னை மரியா ஒரு பயணம் போகிறார். நாசரேத்திலிருந்து புறப்பட்டு யூதேய மலைநாட்டில் இருக்கும் உறவினர் எலிசபெத்தின் வீட்டுக்கு விரைந்து செல்கிறார். வாசலில் நுழைந்ததும் அவர் செய்கிற முதல் காரியம் அந்த வீட்டுப் பெண்மணியை வாழ்த்துவது. அவர் எதையும் கேட்கவில்லை, எதற்கும் உரிமை கொண்டாடவில்லை. அவருடைய குரல் காதில் விழுந்ததும் எலிசபெத்தின் வயிற்றில் இருந்த குழந்தை மகிழ்ச்சியால் துள்ளியது என்கிறார் லூக்கா. ஒருவர் வந்ததால் இன்னொருவர் வீட்டில் மகிழ்ச்சி பெருகியது. இதுதான் கிறிஸ்தவப் பயணத்தின் அடையாளம்.

இந்த வாரத்தில் வேறொரு பயணியையும் உலகம் நினைக்கிறது. வருகிற செவ்வாய்க்கிழமை, டிசம்பர் 24 அன்று, வாஸ்கோ ட காமா கொச்சியில் இறந்து சரியாக 500 ஆண்டுகள் நிறைவடைகின்றன. 1498 மே மாதம் 20-ஆம் நாள் கோழிக்கோட்டுக்கு அருகே கப்பாடு கடற்கரைக்கு வந்து சேர்ந்தவர் அவர். 1524-இல் போர்த்துக்கல் மன்னரின் பிரதிநிதியாக மூன்றாம் முறை வந்தார். வந்த சில மாதங்களில், கிறிஸ்து பிறப்பின் முந்தின நாள் உயிர் நீத்தார். கொச்சி புனித பிரான்சிஸ் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். பின்னர் அவரது எலும்புகள் போர்த்துக்கல்லுக்கு எடுத்துச் செல்லப்பட்டன.

இதை ஏன் மறையுரையில் பேச வேண்டும் என்று சிலர் நினைக்கலாம். நம் மறைக்கல்வி வகுப்புகளில் பிள்ளைகள் கேட்கிற கேள்வி இது. பள்ளியில் அவர்கள் ஐரோப்பியர் வருகை என்று ஒரு பாடம் படிக்கிறார்கள். வெளியே வந்தால், 'உங்கள் சமயம் காமாவின் கப்பலில் வந்தது, வெள்ளைக்காரன் கொடுத்தது' என்று யாராவது சொல்கிறார்கள். பிள்ளைகள் வீட்டுக்கு வந்து கேட்கிறார்கள். நாம் என்ன சொல்கிறோம்? ஒன்று, பேச்சை மாற்றிவிடுகிறோம். இல்லையென்றால், அவரும் கிறிஸ்தவர்தானே என்று அவருக்காக வழக்காடத் தொடங்குகிறோம். இரண்டும் தேவையில்லை. இரண்டும் நல்லதும் இல்லை.

முதலில் ஓர் உண்மையைத் தெளிவாகச் சொல்வோம். இந்த நாட்டுக்குக் கிறிஸ்து காமாவின் கப்பலில் வரவில்லை. காமா வந்தபோது கேரளத்தில் தோமையார் கிறிஸ்தவர்கள் பல நூற்றாண்டுகளாக வாழ்ந்துகொண்டிருந்தார்கள். திருத்தூதர் தோமையாரின் கல்லறையை மயிலாப்பூரில் மக்கள் போற்றி வந்தார்கள். போர்த்துக்கீசியர் இந்தக் கிறிஸ்தவர்களைச் சகோதரர்களாக மதித்து நடத்தினார்களா என்றால், அதுவும் இல்லை. 1599-இல் உதயம்பேரூரில் கூடிய சங்கம் அவர்களுடைய சிரிய மொழி நூல்கள் பலவற்றைக் கண்டித்து, தீயிலிடச் சொன்னது. அந்தக் காயம் 1653-இல் கூனன் குரிசுச் சத்தியமாக வெடித்தது.

முதல் பயணத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சி சுவையானது. காமாவும் அவருடன் வந்தவர்களும் கோழிக்கோட்டுக்குப் போகும் வழியில் ஓர் இந்துக் கோயிலுக்குள் சென்றார்கள். அதைக் கிறிஸ்தவ ஆலயம் என்றே நினைத்து, உள்ளே இருந்த உருவத்தை அன்னை மரியா என்று எண்ணி முழந்தாளிட்டுச் செபித்தார்கள். சுவரில் வரைந்திருந்த உருவங்களுக்கு நான்கு, ஐந்து கைகள் இருந்ததைப் பார்த்தும் அவர்களுக்குச் சந்தேகம் வரவில்லை. புனிதர்கள் என்றே எழுதி வைத்தார்கள். வந்த இடத்தில் இருக்கிற மனிதரைக் கேட்டு அறிந்துகொள்ள வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. தங்கள் மனத்தில் இருந்ததையே எதிரிலும் கண்டார்கள். அறியாமையால் செய்த இந்தப் பிழை யாரையும் புண்படுத்தவில்லை. நாம் சிரித்துவிட்டுப் போகலாம். அடுத்த பயணத்தில் நடந்தது சிரிக்கக் கூடியது இல்லை.

1502-இல் காமா பெரிய போர்க்கப்பல் படையோடு மீண்டும் வந்தார். மக்காவுக்குப் புனிதப் பயணம் போய்விட்டுக் கோழிக்கோட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்த 'மீரி' என்னும் கப்பலை மலபார்க் கடலில் மறித்தார். அதில் வணிகர்கள் இருந்தார்கள். பெண்கள், குழந்தைகள் என்று நூற்றுக்கணக்கானோர் இருந்தார்கள். பொருளை எல்லாம் தருகிறோம், மிளகு வாங்கித் தருகிறோம், உயிரை மட்டும் விடுங்கள் என்று கெஞ்சினார்கள். பொருளைப் பறித்துக்கொண்ட பிறகு, ஆட்களோடு கப்பலுக்குத் தீ வைக்க காமா ஆணையிட்டார். பெண்கள் மேல்தளத்துக்கு வந்து, கைக்குழந்தைகளைத் தூக்கிக் காட்டி, நகைகளைக் கழற்றி நீட்டி இரக்கம் கேட்டார்கள். இரக்கம் கிடைக்கவில்லை. சுமார் இருபது சிறுவர்களை மட்டும் எடுத்து, திருமுழுக்குக் கொடுத்து, துறவிகளாக்க அனுப்பினார்கள் என்று போர்த்துக்கீசிய வரலாற்று நூல்கள் சொல்கின்றன. தாயையும் தந்தையையும் எரித்துவிட்டுப் பிள்ளைக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். அந்தத் தண்ணீரைத் திருமுழுக்கு என்று சொல்ல நம் வாய் கூசுகிறது.

இதற்குச் சில வாரங்கள் கழித்துக் கோழிக்கோட்டுக் கரையில் மீனவர்களும் சிறு படகுக்காரர்களுமாக முப்பதுக்கும் மேற்பட்டோரைப் பிடித்துப் பாய்மரங்களில் தூக்கிலிட்டார்கள். உடல்களின் கைகளையும் கால்களையும் தலைகளையும் வெட்டி ஒரு படகில் போட்டு, மன்னர் சாமூத்திரிக்கு மிரட்டல் கடிதத்தோடு கரைக்கு அனுப்பினார்கள். விடிகாலையில் வலையோடு கடலுக்குப் போகிற நம் பட்டினச்சேரி, கிளிஞ்சல்மேடு மக்களைப் போன்றவர்கள்தாம் அவர்கள். அரசர்கள் பகைத்துக்கொண்டார்கள், வெட்டுப்பட்டவர்கள் மீனவர்கள்.

இவை எல்லாம் எதிரிகள் கட்டிவிட்ட கதைகள் அல்ல. மீரி கப்பல் எரிந்ததை எழுதி வைத்தவர்களில் முக்கியமானவர் தொமே லோப்பஸ். அதே கப்பற்படையில் எழுத்தராக வந்த கிறிஸ்தவர். தம் தளபதி செய்தது இரக்கமற்ற கொடுமை என்று அவரே எழுதியிருக்கிறார். அந்த ஒருவராவது கண்ணால் கண்டதைக் கண்டபடி எழுதினாரே என்று நாம் நன்றி சொல்ல வேண்டும்.

இப்போது நம் பக்கத்தில் வழக்கமாகச் சொல்கிற பதிலுக்கு வருவோம். 'அந்தக் காலம் அப்படிப்பட்டது, எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள்' என்பார்கள். இதில் ஓரளவு உண்மை உண்டு. 1500-இல் கோழிக்கோட்டில் போர்த்துக்கீசியரின் பண்டகசாலை தாக்கப்பட்டுப் பலர் கொல்லப்பட்டார்கள். பிரான்சிஸ்கன் துறவிகளும் அதில் இறந்தார்கள். அதற்குப் பழி வாங்குவதாகத்தான் காமா சொன்னார். ஆனால், மக்காவிலிருந்து வந்த தாய்மார்களுக்கும் அந்தத் தாக்குதலுக்கும் என்ன தொடர்பு? அடுத்து, அந்தக் காலத்தில் எல்லாரும் அப்படித்தான் நினைத்தார்களா?

இல்லை என்று வரலாறு சொல்கிறது. மீரி எரிந்து ஒன்பது ஆண்டுகள் கழித்து, இதே திருவருகைக் காலத்து நான்காம் ஞாயிறு. 1511 டிசம்பர் 21. இடம், அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் கொலம்பஸ் 1492-இல் சென்று சேர்ந்த இஸ்பானியோலாத் தீவு. அங்கே வாழ்ந்த தாயினோ மக்களைக் கொலம்பசும் அவருக்குப் பின் வந்தவர்களும் தங்கம் கேட்டு வதைத்தார்கள். 1495-இல் மட்டும் ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்களை அடிமைகளாக ஸ்பெயினுக்குக் கப்பலேற்றினார்கள். சுரங்கத்திலும் தோட்டத்திலும் வேலை வாங்கியே ஓர் இனத்தை அழித்துக்கொண்டிருந்தார்கள். அப்படி வேலை வாங்கியவர்கள் எல்லாரும் ஞாயிறு தவறாமல் திருப்பலிக்கு வருகிறவர்கள்.

அன்று சாந்தோ தொமிங்கோ நகர ஆலயத்தில் அந்தோனியோ மொந்தேசினோஸ் என்ற தொமினிக்கன் துறவி மறையுரை ஆற்ற எழுந்தார். ஆளுநராக இருந்த கொலம்பசின் மகன் தியேகோவும் அந்த ஊரின் பெரிய மனிதர்களும் அங்கே இருந்தார்கள். பாலைவனத்தில் ஒலிக்கும் குரலைப் பற்றிப் பேசத் தொடங்கிய மொந்தேசினோஸ், நேராக அவர்களைப் பார்த்துக் கேட்டார். எந்த உரிமையால் இவர்களை அடிமைப்படுத்துகிறீர்கள்? இவர்கள் மனிதர்கள் இல்லையா? இவர்களுக்கு ஆன்மா இல்லையா? உங்களை நேசிப்பதுபோல் இவர்களை நேசிக்க உங்களுக்குக் கடமை இல்லையா? ஆலயம் கொதித்தது. பெரிய மனிதர்கள் துறவிகளின் இல்லத்துக்குப் போய், சொன்னதைத் திரும்பப் பெற வேண்டும் என்று மிரட்டினார்கள். அது அவர் ஒருவரின் பேச்சு மட்டுமல்ல. இல்லத்துத் துறவிகள் அனைவரும் சேர்ந்து தயாரித்து ஒப்புக்கொண்ட மறையுரை. அடுத்த ஞாயிறு மொந்தேசினோஸ் மீண்டும் எழுந்தார். முன்னைவிடக் கடுமையாகப் பேசினார்.

அந்தத் தீவில் பார்த்தலோமே தெ லாஸ் காசாஸ் என்ற குருவும் இருந்தார். அவரும் பழங்குடி மக்களை வேலைக்கு வைத்திருந்தவர். மறையுரையால் அவர் உடனே மாறிவிடவில்லை. 1514-இல் கியூபாவில் மறையுரைக்குத் தயாரித்தபோது சீராக் நூலின் 34-ஆம் அதிகாரம் அவர் கண்ணில் பட்டது. ஏழைகளிடமிருந்து பறித்ததைக் கடவுளுக்குக் காணிக்கையாகக் கொடுப்பது, தந்தையின் கண்முன்னே மகனைக் கொல்வதற்குச் சமம் என்று அந்தப் பகுதி சொல்கிறது. லாஸ் காசாஸ் தம்மிடம் இருந்த மக்களை விடுவித்தார். அதன் பிறகு அரை நூற்றாண்டு காலம் அவர்களுக்காகவே போராடினார். அவரிடமும் குறை இருந்தது. பழங்குடிகளைக் காப்பாற்ற ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளைக் கொண்டுவரலாம் என்று முதலில் சொன்னவர்தான். அது அநீதி என்று பின்னர் உணர்ந்து வருந்தினார்.

நம் கரைக்கே வருவோம். 1536, 37 ஆண்டுகளில் முத்துக்குளித்துறைப் பரதவ மக்கள் பாதுகாப்பைத் தேடித் திருமுழுக்குப் பெற்றார்கள். 1542-இல் அவர்களிடையே வந்த தூய சவேரியார், மணப்பாடு முதல் தூத்துக்குடி வரை வெறுங்காலோடு நடந்தார் என்பதை நாம் அடிக்கடி பேசுகிறோம். அவர் எழுதிய கடிதங்களைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. போர்த்துக்கீசிய அதிகாரிகள் அந்த ஏழை மக்களிடம் செய்த கொள்ளையையும் கொடுமையையும் பற்றி அவர் மனம் நொந்து எழுதினார். மன்னருக்கே எழுதினார். புதிதாக விசுவாசத்துக்கு வந்தவர்களுக்குப் பெரிய தொல்லை கொடுப்பவர்கள் வேற்றுச் சமயத்தார் அல்ல, கிறிஸ்தவத் தளபதிகளே என்று கண்டவர் அவர்.

ஆகவே, பிள்ளைகளுக்கு நாம் சொல்லலாம்: தம்பி, பாப்பா, காமா கப்பலோட்டத் தெரிந்த பெரிய மாலுமி. ஆப்பிரிக்காவைச் சுற்றிக் கடல் வழி கண்டவர். அதை யாரும் மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அவர் செய்தது பாவம். அவர் கழுத்தில் சிலுவை இருந்ததால் அந்தப் பாவம் குறையவில்லை, கூடியது. நம் விசுவாசத்துக்கு அவர் சாட்சி இல்லை. இவர்கள் மனிதர்கள் இல்லையா என்று கேட்டவர்களே நமக்குச் சாட்சிகள்.

தனி மனிதரோடு பழியை முடித்துவிடவும் கூடாது. 1455-இல் திருத்தந்தை ஐந்தாம் நிக்கோலாஸ் போர்த்துக்கல் மன்னருக்குக் கொடுத்த ஆணையில், வேற்றுச் சமயத்தாரின் நாடுகளைக் கைப்பற்றவும் அவர்களை நிரந்தர அடிமைகளாக்கவும் அனுமதி இருந்தது. அந்தத் தாள்தான் பிறகு கப்பல்களுக்குத் துணிச்சல் கொடுத்தது. 1537-இல் திருத்தந்தை மூன்றாம் பவுல், பழங்குடி மக்கள் உண்மையான மனிதர்களே, கிறிஸ்தவர்களாக இல்லாவிட்டாலும் அவர்களுடைய சுதந்திரத்தையும் உடைமையையும் பறிக்கக் கூடாது என்று அறிவித்தார். ஆனாலும் பழைய தாளின் நிழல் நீண்டது. 2000-ஆம் ஆண்டு மார்ச் 12 அன்று திருத்தந்தை இரண்டாம் ஜான் பால், திருச்சபையின் பிள்ளைகள் செய்த பாவங்களுக்காக வெளிப்படையாகக் கடவுளிடம் மன்னிப்புக் கேட்டார். 2015-இல் பொலிவியாவிலும் 2022-இல் கனடாவிலும் திருத்தந்தை பிரான்சிஸ் பழங்குடி மக்களின் முன்னால் நின்று மன்னிப்புக் கேட்டார். 2023 மார்ச் 30 அன்று, கண்டுபிடித்தவனுக்கே நாடு சொந்தம் என்கிற கோட்பாட்டை வத்திக்கான் முறையாகத் தள்ளிவிட்டது. காலம் கடந்து வந்தது என்று சொல்வோர் உண்டு. அவர்கள் சொல்வது சரிதான். காலம் கடந்தாலும் உண்மையைச் சொல்லத்தான் வேண்டும்.

அன்பர்களே, இதுவரை மற்றவர்கள் பாவத்தைப் பேசினோம். மற்றவர் பாவத்தைக் கேட்பது நமக்கு இனிமையாகத்தான் இருக்கும். இப்போது நம் ஊர் முற்றத்துக்கு வருவோம்.

1739 முதல் காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. 1848-இல் பிரான்ஸ் தன் காலனிகளில் அடிமை முறையை ஒழித்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. பாண்டிச்சேரி, காரைக்கால் துறைகளிலிருந்து ஐந்தாண்டு ஒப்பந்தம் என்று சொல்லித் தமிழ் மக்களைக் கப்பலேற்றினார்கள். ரெயூனியோனுக்கு, மார்த்தினிக்குக்கு, குவாதலூப்புக்கு. 'ஓரெலி' என்னும் கப்பல் முதல் கூட்டத்தை 1853 மே மாதம் மார்த்தினிக்கில் இறக்கியது. அதே கப்பல் 1854-இல் குவாதலூப்புக்குப் போய்ச் சேர்ந்த நாள் டிசம்பர் 24. கிறிஸ்து பிறப்பின் முந்தின இரவு, எங்கே வந்திருக்கிறோம் என்றே தெரியாமல் முந்நூறுக்கும் மேற்பட்ட நம் மக்கள் அந்தக் கரையில் இறங்கினார்கள். அதற்குப் பின் வந்த முப்பத்தைந்து ஆண்டுகளில் குவாதலூப்புக்கு மட்டும் சுமார் 42,000 பேர் போனார்கள். திரும்பி வந்தவர்கள் சிறு பகுதியே. அவர்களுடைய பிள்ளைகளுக்குக் குடியுரிமை கேட்டு, அங்கே 1863-இல் பிறந்த ஆன்ரி சிதம்பரம் என்பவர் 1904 முதல் 1923 வரை வழக்காட வேண்டியிருந்தது.

இந்த மக்களைக் கப்பலேற்றிய முதலாளி வெள்ளையர்தான். ஆனால் ஊர் ஊராகப் போய் ஆசை காட்டி ஆள் பிடித்தவர் யார்? நம்மவர்கள். மேஸ்திரிகள். தலைக்கு இவ்வளவு என்று கூலி வாங்கிக்கொண்டு, பஞ்சத்தில் இருந்த வயல் கூலிகளை இந்தத் துறைக்குக் கூட்டிவந்தவர்கள். அவர்கள் ஏன் அவ்வளவு எளிதாகக் கிடைத்தார்கள்? சொந்த ஊரிலேயே அவர்களை மனிதராக யாரும் நடத்தவில்லை. கடலுக்கு அப்பால் எதுவாக இருந்தாலும் இதைவிட மேலாக இருக்கும் என்று நம்பினார்கள். கப்பலேற்றிய பாவத்தில், ஏறும்படி ஆளாக்கிய ஊருக்கும் பங்கு உண்டு.

நம் ஆலயங்களில் என்ன நடந்தது? ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் 1745-ஆம் ஆண்டு நடந்த ஒரு நிகழ்ச்சியை எழுதி வைத்திருக்கிறார். பாண்டிச்சேரி ஆலயத்துக்குள் ஒரு தடுப்புச் சுவர் இருந்தது. இன்று நாம் தலித் கிறிஸ்தவர்கள் என்று சொல்கிற மக்கள் ஒரு பக்கம். சாதிக் கிறிஸ்தவர்களும் ஐரோப்பியரும் மறுபக்கம். காரைக்காலிலிருந்து போன ஒரு குரு, இந்தப் பிரிவினை உங்களுக்குத் தகாது என்று அந்த மக்களிடம் எடுத்துச் சொன்னார். அவர்கள் ஒன்று கூடி மூத்த குருவிடம் போய் நியாயம் கேட்டார்கள். சுவர் இடிக்கப்பட்டது.

மொந்தேசினோஸ் கடலுக்கு அப்பால் கேட்ட கேள்வியைக் காரைக்கால் குரு ஒருவரும், பெயர் எழுதப்படாத அந்த ஏழை மக்களும் இங்கே கேட்டிருக்கிறார்கள். இது நம் பங்குகளின் பெருமை. ஆனால் பெருமை பேசிவிட்டு நிறுத்த முடியாது. சுவர் இடிந்தாலும் அதன் அடித்தளம் போகவில்லை. தமிழகத் திருச்சபையில் சில இடங்களில் இன்றும் கல்லறை இரண்டாக இருக்கிறது. தேர் சில தெருக்களுக்குள் போவதில்லை. திருவிழாக் குழுவில் சிலர் பெயர் வருவதில்லை. வருகிற வியாழக்கிழமை ஆழிப்பேரலையின் இருபதாம் ஆண்டு நினைவு. நம் கரையில் எத்தனை வீடுகளில் அன்று விளக்கேற்றுவார்கள் என்று நமக்குத் தெரியும். அந்தத் துயர நாள்களில் இசுலாமிய ஜமாஅத்தார் உணவு சமைத்துக் கொடுத்ததும், இறந்தவர்களை அடக்கம் செய்ததும் இந்தக் கடற்கரை கண்ட நல்ல காட்சி. அதே நாள்களில் சில நிவாரண முகாம்களில் தலித் மக்கள் ஒதுக்கப்பட்டார்கள் என்ற செய்தியும் வந்தது. பிணத்தின் அருகில் நிற்கும்போதுகூட யார் எந்தச் சாதி என்று பார்த்த கண்களுக்கு, காமாவைக் குற்றம் சொல்ல என்ன தகுதி இருக்கிறது?

இன்றைக்கு நம் ஊருக்கும் கப்பல் இல்லாமல் இரயிலில் வந்து இறங்குகிறவர்கள் இருக்கிறார்கள். பீகார், ஒடிசா, மேற்கு வங்கம், அசாம் என்று எங்கிருந்தோ வந்து கட்டடத்திலும் உணவகத்திலும் வேலை செய்கிறார்கள். அவர்களுக்குப் பெயர் உண்டு, ஊர் உண்டு, காத்திருக்கும் தாய் உண்டு. நாம் 'வடக்கன்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். குவாதலூப்பில் நம் பாட்டன்மாரையும் ஒரே சொல்லில் 'கூலி' என்றுதான் அழைத்தார்கள்.

இங்கே வேளாங்கண்ணியை நினைத்துக்கொள்வது நல்லது. காமா வந்து ஒரு நூற்றாண்டுக்கும் மேலான பிறகு, புயலில் சிக்கிய போர்த்துக்கீசிய மாலுமிகள் அந்தக் கரையில் உயிரோடு ஒதுங்கினார்கள் என்பது நம் மரபு. காமாவின் நாட்டுக்காரர்கள்தான் அவர்களும். ஆனால் பீரங்கியோடு வரவில்லை. நனைந்த துணியோடு, அஞ்சிய உள்ளத்தோடு வந்தார்கள். கரையில் இருந்த மீனவ மக்கள் அவர்களை அன்னையின் சிற்றாலயத்துக்கு அழைத்துப் போனார்கள். அவர்கள் முழந்தாளிட்டு நன்றி சொன்னார்கள். அதே கடல், அதே நாட்டார். ஆனால் இங்கே யாரும் யாரையும் ஆளவில்லை. ஒருவர் காப்பாற்றினார், ஒருவர் நன்றி சொன்னார். மரியாவும் எலிசபெத்தும் சந்தித்த வாசலுக்கு இது அருகில் இருக்கிறது.

வருகிற செவ்வாய்க்கிழமை இரவு உரோமையில் திருத்தந்தை பிரான்சிஸ் புனிதக் கதவைத் திறந்து 2025 யூபிலி ஆண்டைத் தொடங்கிவைக்கிறார். லேவியர் நூலின் 25-ஆம் அதிகாரத்தில் யூபிலி என்றால் என்ன என்று படித்துப் பாருங்கள். அடிமைப்பட்டவர் விடுதலையாகி வீடு திரும்ப வேண்டும். பறிபோன நிலம் உரியவருக்குத் திரும்ப வேண்டும். இதில் நாம் நம் அளவில் செய்யக்கூடியவை மூன்று.

முதலாவது, செவ்வாய் இரவுத் திருப்பலியில் மீரி கப்பலில் எரிந்தவர்களையும், கோழிக்கோட்டுக் கரையில் கொல்லப்பட்ட மீனவர்களையும், இந்தத் துறையிலிருந்து போய்த் திரும்பாதவர்களையும் நினைத்துச் செபிப்போம். வாஸ்கோ ட காமாவின் ஆன்மாவுக்காகவும் செபிப்போம். பாவி என்று தெரிந்த பிறகும் ஒருவருக்காகச் செபிப்பது நம் சமயம் கற்றுக்கொடுத்தது. விழா நாளில் இசுலாமிய வீடுகளுக்குப் பலகாரம் கொடுத்தனுப்பும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. இந்த ஆண்டு பிள்ளைகள் கையில் கொடுத்தனுப்பாமல் நாமே எடுத்துச் செல்வோம். மக்காவுக்குப் போய்வந்த பெரியவர் அந்த வீட்டில் இருந்தால், அந்தப் பயணத்தைப் பற்றி அவர் சொல்லக் கேட்போம்.

இரண்டாவது, சீராக் நூல் லாஸ் காசாசை உலுக்கியது நம்மையும் உலுக்கட்டும். புத்தாடை எடுப்பதற்கு முன், குடிலுக்கு விளக்குப் போடுவதற்கு முன், கொடுக்க வேண்டிய கூலியைக் கொடுத்துவிடுவோம். வீட்டு வேலை செய்யும் அக்காவுக்கு, கொத்தனாருக்கும் சித்தாளுக்கும், படகில் பங்கு பாக்கி உள்ளவருக்கு, வெளி மாநிலத்திலிருந்து வந்த தம்பிக்கு. பாக்கியை வைத்துக்கொண்டு உண்டியலில் போடும் பணத்தை ஆண்டவர் விரும்புவதில்லை.

மூன்றாவது, ஒவ்வோர் அன்பியத்திலும் ஒரு கேள்வியைப் பேசுங்கள்: நம் பங்கில் இன்னும் நிற்கிற சுவர் எது? கல்லறையா, தேர்ப் பாதையா, பாடல் குழுவா, திருமணப் பேச்சா? யூபிலி ஆண்டு முடிவதற்குள் அதிலிருந்து ஒரு கல்லையாவது எடுப்போம். காரைக்காலிலிருந்து போன ஒரு குருவின் சொல்லைக் கேட்டு, ஏழை மக்கள் துணிந்து போய் நியாயம் கேட்டதை 1745-இலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். அவர்களின் வழிவந்தவர்கள் நாம்.

இன்றைய முதல் வாசகத்தில் இறைவாக்கினர் மீக்கா, சிற்றூராகிய பெத்லகேமிலிருந்து மீட்பர் வருவார் என்கிறார். பேரரசுகளின் கணக்கில் அந்த ஊருக்கு மதிப்பு இல்லை. அரசு ஆணைக்காகப் பெயர் எழுத வந்து, தங்க இடமில்லாமல் மாட்டுத் தொழுவத்தில் பிறந்த குழந்தை கரையில் நின்றவர்களின் பக்கம் பிறந்தது. செவ்வாய் இரவு நாம் குடிலின் முன் முழந்தாளிடும்போது, அந்தக் குழந்தையின் முகத்தில் மீரி கப்பலின் தாய்மார் தூக்கிக் காட்டிய குழந்தைகளையும் காண்போமாக.

செபிப்போம். அன்புத் தந்தையே, உம் பெயரைச் சொல்லி உம் பிள்ளைகளைத் துன்புறுத்திய பாவத்தை மன்னியும். உண்மையை அஞ்சாமல் சொல்லும் வாயையும், எளியவரை மனிதராகக் காணும் கண்ணையும் எங்களுக்குத் தாரும். கடலில் மாண்ட அனைவருக்கும், கடல் கடந்து போய்த் திரும்பாத அனைவருக்கும் நிறையமைதி அளித்தருளும். வாழ்த்துச் சொல்லி வாசல் நுழைந்த அன்னை மரியாவைப்போல் நாங்களும் பிறர் வாசலில் மகிழ்ச்சியைக் கொண்டுசெல்லச் செய்யும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.